பட்டினப்பாக்கம் வெளியூர் இல்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுப் பாலத்துக்குப் பக்கவாட்டில் இறங்கினால் வருகிற வாய்க்கால் கரையில் இருந்தோம். எங்கள் வரிசையில் முப்பது குடிசைகள் இருக்கும். அதில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால், பன்னிரண்டாவது முடித்த கையோடு எனக்கு ஒரு உத்தியோகம் தானாக வந்து சேர்ந்தது. யாருக்கு எந்தக் காகிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள்.

எழுதுவதென்றால் சும்மா எழுதுவது இல்லை. எதிர்க் குடிசை அக்கா வந்து, "மூணு நாளா தண்ணி லாரி வர்ல. புள்ளைங்க மூஞ்சி கழுவாம இஸ்கூலுக்குப் போவுது. எழுது" என்பாள். நான் எழுதுவேன்: "கடந்த மூன்று தினங்களாகக் குடிநீர் வாகனம் வருகை தராத காரணத்தால் இப்பகுதி மக்கள் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகியுள்ளதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறோம்." வாசித்துக் காட்டினால் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். "நான் சொன்னது இம்மாம் அழகாவா கீது?" என்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். மூஞ்சி கழுவாத பிள்ளைகள் அந்த மனுவிலிருந்து எங்கே போனார்கள் என்று அவளும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

இப்போது தி.நகரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருக்கிறேன். பிறர் எழுதிய வரியில் கை வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் தயங்குகிறேன். அம்மா எழுதச் சொன்ன ஒரு கடிதம்தான் அதற்குக் காரணம்.

அம்மா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா மார்க்கெட்டில் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிப்பவர். நான் எட்டாவது படிக்கும்போது அவருக்குப் பட்டினப்பாக்கத்தில் வேறொரு குடும்பம் உண்டாயிற்று. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் வரவில்லை, அப்புறம் ஒரு வாரம் வரவில்லை, அப்புறம் வருவதே விருந்தாளி வருவது மாதிரி ஆகிவிட்டது. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு வவ்வால் மீனோடு வந்து வாசலில் உட்காருவார். "இன்னா நைனா, படிக்கிறியா?" என்பார். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். அடித்ததில்லை, வைததில்லை. எங்களோடு இல்லை, அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், ரயில் பாலத்துக்கான தூண்கள் வாய்க்காலுக்குள் ஒவ்வொன்றாக எழும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தன. கரையில் இருப்பவர்களை அப்புறப்படுத்திவிட்டு, வேளச்சேரியைத் தாண்டி ஆளுக்கொரு மனை கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. பேச்சோடு நிற்காமல் ஒரு நாள் கணக்கெடுக்கவும் வந்துவிட்டார்கள். சுவரில் ஒரு எண்ணை எழுதினார்கள். ரேஷன் கார்டைக் கேட்டார்கள். அதில் இருக்கும் பெயரை நோட்டில் ஏற்றிக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போனார்கள்.

கார்டு அம்மாவின் தகர டப்பாவில்தான் இருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.

மறு வாரமே மீன் விற்கிற ஒரு அத்தை செய்தி கொண்டுவந்தாள். மனை கிடைத்ததும் அந்தக் குடும்பத்தை அழைத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன், கடல் தண்ணி உள்ளே வராத இடமாக ஒன்று கிடைத்தது என்று அப்பா மார்க்கெட்டில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "உன்னிய ஒண்ணும் தள்ளி உட மாட்டாராம். மூலையில எடம் ஒண்ணு ஒதுக்கித் தருவாராம்" என்றாள் அத்தை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோயிற்று.

எதிர்க் குடிசை அக்காவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. புதன்கிழமை மத்தியானங்களில் அதைக் கூரைக் கம்பில் மாட்டிவிடுவாள். அந்த நேரத்தில்தான் வானொலியில் பெண்களுக்கான நிகழ்ச்சி. காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவில் வீடு திரும்பியிருக்கும் பெண்கள் எல்லாம் முறத்தில் ரேஷன் அரிசியோடு கீழே உட்கார்ந்துவிடுவார்கள். நிகழ்ச்சியில் முடி கொட்டுவதற்கு மருந்து சொல்வார்கள், சேமியா கேசரி சொல்வார்கள். "அரை கிலோ முந்திரியாம். இவ ஊட்டுல இன்னா கல்யாணமா?" என்று இங்கே ஒருத்தி பதில் சொல்வாள். கடைசிப் பத்து நிமிடம் ஒரு வழக்கறிஞர் அம்மா வருவார். நேயர்கள் போட்ட கடிதத்தை நிகழ்ச்சி நடத்துபவர் வாசிப்பார், அவர் சட்டம் சொல்வார். அப்போது மட்டும் யாரும் பேச மாட்டார்கள். முறத்தில் கை ஓடுகிற சத்தம்கூட நின்றுவிடும்.

அப்படி ஒரு புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு கடுதாசி எழுதணும்டா. ரேடியோவுக்கு."

பேனாவைத் திறந்தேன். அம்மா ஏற்கெனவே மனசில் அடுக்கி வைத்திருந்தாள் போல. நிறுத்தாமல் சொன்னாள்.

"என் புருசன் என்னோட இல்ல. நாலு அஞ்சு வருசமா பட்டினப்பாக்கத்துல வேற ஒருத்தியோட கீறாரு. கார்டு அவரு பேர்ல கீது. மனை வந்தா அவருக்குப் பூடும். இந்த ஊட்டுல கீறவ நானு. மூணு ஊட்டுல வேலை செஞ்சி புள்ளைய படிக்க வெக்கிறேன். மனைய என் பேர்ல மாத்திக் குடுப்பாங்களா, மாட்டாங்களா? அத்த கேளு. வேற ஒண்ணியும் வாணாம்."

நான் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. என் வகுப்பில் அடையாறிலிருந்தும் அசோக் நகரிலிருந்தும் வருகிற பையன்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் அம்மாக்கள் மத்தியானத்தில் ரேடியோ கேட்பார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் நான் வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பையன்களில் ஒருவனுக்காவது என் அம்மாவின் பெயர் தெரியுமா என்றால் தெரியாது. ஆனாலும் வேர்த்தது.

ஆகவே இப்படி எழுதினேன்: "என் கணவர் பணி நிமித்தமாக வெளியூரில் வசித்து வருகிறார். அவர் இல்லாத இந்நிலையில், அவர் பெயரில் வழங்கப்படவிருக்கும் மனையை மனைவியாகிய நான் பெற்றுக்கொள்வதற்குரிய வழிமுறைகளைத் தெரிவிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்."

"படி, கேக்கலாம்" என்றாள் அம்மா.

காகிதத்தைப் பார்த்தபடி, அவள் சொன்னதையே அவளிடம் திருப்பிச் சொன்னேன். பட்டினப்பாக்கம், வேறொருத்தி, மூணு வீடு, எல்லாம் சொன்னேன். கண்ணை வரிமேல் ஓட்டிக்கொண்டே சொன்னேன். அம்மா தலையாட்டினாள். "போதும். ஒட்டு" என்றாள். படிக்கத் தெரிந்த ஒருவன் படிக்கத் தெரியாத ஒருத்திக்குச் செய்யக்கூடிய துரோகம் அதைவிட வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அது அப்படித் தோன்றவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மா டிரான்சிஸ்டருக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். நாலாவது புதன்கிழமையோ ஐந்தாவதோ, நானும் கல்லூரி விட்டு வந்துவிட்டிருந்தேன். நிகழ்ச்சி நடத்துபவர், "மயிலாப்பூரிலிருந்து நேயர்" என்று தொடங்கி, அம்மாவின் பெயரைச் சொன்னார். கடைசியில் இழுக்காமல், சுருக்காமல், முழுப் பெயர். எங்கள் கரையில் அம்மாவை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா புடவைத் தலைப்பை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள், ரேடியோ அவளைப் பார்க்கப் போகிற மாதிரி.

அப்புறம் என் கடிதம் வந்தது. பணி நிமித்தம் வந்தது. வெளியூர் வந்தது.

வழக்கறிஞர் அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். கணவர் வெளியூரில் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அவரிடமிருந்து கையெழுத்தோ கைரேகையோ வைத்த ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அது இருந்தால் போதும், அவர் பெயரில் நீங்களே பெற்றுக்கொள்ளலாம் என்றார். கடைசியில், "உங்கள் கணவர் திரும்பி வரும்போது சொந்த இடத்துக்கு வருவார்" என்று அன்பாகச் சொன்னார்.

பெண்கள் மறுபடியும் முறத்தில் குனிந்துகொண்டார்கள். எதிர்க் குடிசை அக்கா மட்டும், "இன்னாக்கா, அவரு பெரிய உத்தியோகத்துல கீறாராமே" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள், ஆனால் அவளுக்கே அது சரியாக வரவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபப்பட்டுக் கத்துவாள் என்று நினைத்தேன்.

"பட்டினப்பாக்கம் வெளியூராடா?" என்று கேட்டாள்.

நான் அவள் கீழே வைத்த முறத்தை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இங்கேர்ந்து நடந்தா அரை மணி நேரம். வெளியூராடா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சார் சாப்புடுறீங்களா?" "சாருக்குச் சட்ட தொவச்சி கீது." நான் சொந்தமாகத் தட்டு எடுக்கப் போனால், "உக்காருங்க சார், படிச்சவங்க" என்பாள். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மீனும் அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ரேடியோவுல சொன்னாங்களாமே" என்றார் அம்மாவிடம். "என் கைநாட்டு இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு. நீ எதுக்கு ரேடியோ வரைக்கும் போற? எங்கிட்ட கேட்டா நான் வெக்க மாட்டனா? எல்லாரும் ஒண்ணா இருந்துக்கலாம், மனை பெருசுதானே."

அம்மா டீயை அவர் முன்னால் வைத்தாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "நைனா எழுதுனதாமே. சோக்கா எழுதி கீறான்னு மார்க்கெட்டே சொல்லுது" என்றார். நான் வெட்கப்பட்டு மறைத்த மனிதர் கையிலேயே, நான் எழுதிய காகிதம் ஆயுதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் போன பிறகு வெளியே வந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். நானே இன்னொரு கடிதம் எழுதுகிறேன், இந்த முறை சொன்னபடி எழுதுகிறேன் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"வாணாம்" என்றாள். "நீ எழுதுனது இன்னான்னு நான் எப்படிக் கண்டுக்கறது? மறுபடியும் ரேடியோவுல வந்தாத்தான் தெரியும். அதுக்குள்ள மனை பூடும்."

நியாயமான கேள்வி.

அம்மா வேலை செய்த மூன்று வீடுகளில் ஒன்று வடக்கு மாட வீதிக்குப் பின்னால், ஒரு பாட்டு டீச்சருடையது. கணவர் இல்லை. ஒரே பெண் அமெரிக்காவில். அங்கே டெலிபோன் பேசுவதென்றால் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிடும் என்று டீச்சர் கேசட்டில் பேசி அனுப்புவார். காய் நறுக்கிக்கொண்டே, குக்கர் சத்தத்தோடு, தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது முதல் எல்லாம் பேசி, ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போட்டு மிச்சத்தையும் பேசி, தபாலில் போடுவார். அந்தப் பெண்ணும் அதே மாதிரி பேசி அனுப்பும். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை டீச்சர் அவளையும் கூப்பிட்டு, "பாப்பா, நல்லா கீறியா" என்று பேச வைத்திருக்கிறார்.

அந்த வார வெள்ளிக்கிழமை அம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். வழியிலேயே சொல்லிவிட்டாள்: "கவர் மேல அட்ரஸ் மட்டும் நீ எழுது. வேற எதனா எழுதுன, கைய ஒடச்சிடுவேன்."

டீச்சர் கதவைத் திறந்தார். "வாடா. நீதான் வெளியூர்னு எழுதினவனா?" என்றார். அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் கூடத்து ஓரத்தில் நின்றேன். டீச்சர் மேசை மேல் இருந்த டேப் ரிக்கார்டரைத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காந்துண்டு பேசு. நின்னுண்டு பேசினா மூச்சு வாங்கும்" என்றார். அம்மா நாற்காலியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்தாள். டீச்சர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று தானும் எதிரில் உட்கார்ந்தார்.

"இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கறேன். சுத்த ஆரம்பிச்சதும் பேசு."

அம்மா தொண்டையைச் செருமினாள். "வணக்கம் நேயர்களே" என்று ஆரம்பித்தாள்.

டீச்சர் பட்டனைத் தட்டி நிறுத்தினார். "நேயர்களே வேண்டாம். அது அவா சொல்றது. நீ எங்கிட்ட சொன்னியே, அப்படியே சொல்லு."

"நல்லா பேசணும்ல டீச்சரம்மா. ரேடியோவாச்சே."

"என் பொண்ணுகிட்ட பேசினியோல்லியோ. அந்த மாதிரி."

மறுபடியும் பட்டன். இந்தத் தடவை அம்மா கொஞ்ச நேரம் நாடா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேசினாள். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ரேடியோகாரம்மா, போன மாசம் மயிலாப்பூர்லேர்ந்து ஒரு கடுதாசி படிச்சீங்களே, அது என் பேருல வந்தது. ஆனா அதுல கீறது நான் சொன்னது இல்ல. என் புள்ள எழுதனான். அவன் பொய் சொல்ற புள்ள இல்லம்மா. வெக்கப்பட்டுட்டான். படிக்கிற புள்ளைக்கு வெக்கம் ஜாஸ்தி. எனக்கு வெக்கம் இல்ல, அதான் நானே பேசறேன். என் புருசன் வெளியூர்ல இல்ல. பட்டினப்பாக்கத்துல வேற குடும்பமா கீறாரு. அடிக்கிற ஆளு இல்ல, அதையும் சொல்லணும். ஆனா இங்க இல்ல. கார்டுல அவரு பேரு கீது. மனைய அவருக்குக் குடுத்துட்டா, எனக்கு மூலையில எடம் தருவாராம். மூலை எனக்கு எதுக்கும்மா? இந்தக் கூர காத்துல பறந்தப்போ நான்தான் கட்டுனேன். தண்ணி உள்ள வந்தப்போ நான்தான் எறச்சேன். இருக்கறவளுக்குத் தருவாங்களா, இல்ல கார்டுக்குத் தருவாங்களா? வக்கீலம்மா இத்த மட்டும் சொல்லட்டும். அவ்ளோதான்."

டீச்சர் நிறுத்திவிட்டு, நாடாவைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டார். அம்மா தன் குரலைக் கேட்டாள். முகம் சுளித்தாள். "இன்னா டீச்சரம்மா, ஆம்பள கொரலு மாரி கீது. நான் இப்பிடியா பேசறேன்?"

"எனக்கே என் குரல் பிடிக்காது. பாட்டு சொல்லிக் குடுக்கறேன்" என்றார் டீச்சர்.

அம்மா இன்னொரு முறை போடச் சொன்னாள். முழுதும் கேட்டாள். இந்த முறை முகம் சுளிக்கவில்லை. உதடு மட்டும் கூடவே அசைந்தது. முடிந்ததும், "கரீட்டா கீது" என்றாள். நான் எழுதிய கடிதத்தை அவளால் சரிபார்க்க முடியவில்லை. இதை அவளே சரிபார்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, என்னைப் பற்றி அவள் சொன்னதற்கா இதற்கா என்று தெரியவில்லை. கவரில் விலாசம் எழுதினேன். எழுதியதை டீச்சர் வாங்கி ஒரு தடவை உரக்கப் படித்தார். அம்மா கேட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் புதன்கிழமை, நிகழ்ச்சி நடத்துபவர் வழக்கத்துக்கு மாறாக ஆரம்பித்தார். எப்போதும் கடிதம் வரும், இந்த முறை ஒரு கேசட் வந்திருக்கிறது, அதை அப்படியே போடுகிறோம் என்றார்.

டிரான்சிஸ்டரிலிருந்து எங்கள் அம்மா பேசினாள். எங்கள் கரையின் பேச்சு ரேடியோவில் வந்து அதற்கு முன் நாங்கள் கேட்டது, நாடகத்தில் திருடனும் ரிக்‌ஷாக்காரனும் பேசும்போதுதான். "கீறாரு" என்று ரேடியோவில் வந்ததும் ஒரு பெண் சிரித்துவிட்டாள். அடுத்த வரியில் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்க் குடிசை அக்கா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தூண் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் குனிந்தபடி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த அரிசியில் ஒரு கல்லும் மிஞ்சியிருக்காது.

வழக்கறிஞர் அம்மாவின் பதில் இந்த முறை நீளமாக இருந்தது. கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கேட்காமல் விட்டால் கட்டாயம் கிடைக்காது என்றார். கணவர் உங்களோடு வசிக்கவில்லை, குடியிருப்பது நீங்கள், மனையை உங்கள் பெயரில் கொடுங்கள் என்று உங்கள் பெயரிலேயே மனு எழுதுங்கள். நேரில் வந்து விசாரிக்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லட்டும். மனு கொடுத்ததற்குச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். "முதல் கடிதத்துக்கு நான் சொன்ன பதிலை மறந்துவிடுங்கள். அது வேறு யாருக்கோ சொன்னது" என்றார்.

மனுவை நான்தான் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். "பணிவன்புடன்" என்று எழுதப் போனபோது, "அது நான் சொன்னனா?" என்றாள். அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். முடித்ததும் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "டீச்சரம்மாவாண்ட குடுத்து ஒரு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன். கோச்சுக்காத கண்ணு." 'சார்' என்று கூப்பிட்ட வாயில் மறுபடியும் 'கண்ணு' வந்துவிட்டது. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது.

மனை கொடுக்கிற அலுவலகத்துக்கு அவளோடு எங்கள் வரிசையிலிருந்து நாலு பெண்களும் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய கார்டிலும் ஊரில் இல்லாத புருஷன் பெயர்தான் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர்களுக்கு எத்தனையோ காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இதை அவர்கள் சொன்னதில்லை. மனுவை வாங்கியவர், "புருசன் கையெழுத்து எங்கம்மா?" என்றார். "அவரு கையெழுத்துப் போட வந்தா நான் ஏன் சார் வரேன்?" என்றாள் அம்மா. சீட்டு கொடுக்கும்வரை ஐந்து பேரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதற்கு நடுவில் அப்பா ஒரு முறை வந்தார். மீன் இல்லாமல் வந்தார். வாசலில் உட்காராமல் நின்றார்.

"ஊரு பூரா கேட்டுச்சு" என்றார். "மார்க்கெட்டுல ஒருத்தன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டறான்."

"நான் எதனா பொய் சொன்னனா?" என்றாள் அம்மா.

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்ல" என்றார்.

"அடிக்கிற ஆளு இல்லன்னும் சொன்னேன்ல."

"சொன்ன. அதையும் கேட்டாங்கோ."

"அப்பறம் இன்னா. டீ குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டுப் போனார். போகும்போது என் தோளில் கை வைத்து எதையோ சொல்ல வந்து, "படி நைனா" என்று மட்டும் சொன்னார். மனையைப் பற்றிப் பேசவே இல்லை. விட்டுக்கொடுத்தாரா, வெட்கப்பட்டாரா, எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். வயதானவர், குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அவரை உள்ளே கூப்பிட்டாள். "கொடியப் பாருங்க சார். இது என் பொடவ. இது என் புள்ள சட்ட, அவன் அளவு பாருங்க. அவரு துணி ஒண்ணு இருந்தா எட்த்துக் காட்டுங்க, நான் மனைய உட்டுடறேன்." அவர் குனிந்து உள்ளே வந்து, கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினீர்கள், படித்துக் காட்டுங்கள் என்று அம்மா கேட்டாள். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டு, படித்துக் காட்டினார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மனைக்கான டோக்கன் வந்தது. அம்மாவின் பெயர், ரேடியோவில் வந்தது போல முழுதாக. கூட வந்து, அப்புறம் அதே மாதிரி மனு கொடுத்த அந்த இரண்டு பேரில் ஒருத்திக்கும் அப்படியே வந்தது. இன்னொருத்திக்கு வரவில்லை, அவளுடைய மனு இன்னும் எங்கோ இருக்கிறது.

மனையைப் பார்க்க நானும் அம்மாவும் இரண்டு பஸ் மாறிப் போனோம். வேளச்சேரியைத் தாண்டி இறங்கி, சேற்றில் நடந்தோம். வெட்டவெளி. நாலு மூலையிலும் கல் நட்டு, கல்லில் எண் எழுதியிருந்தார்கள். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தவளை கத்திக்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கு மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது. "தண்ணி நிக்குதேம்மா" என்றேன்.

"நிக்கட்டும்" என்றாள். "மண்ணு கொட்டிக்கலாம்."

எங்கள் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தேன். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். தண்ணீருக்குள் இறங்கி நடுவில் போய் நின்றாள். நானும் பேன்ட்டை மடித்துக்கொண்டு பின்னால் இறங்கப் போனேன்.

"நீ அப்பால பஸ் ஸ்டாண்டுக்குப் போ" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."

போனேன். இரண்டு பஸ் வந்து போயிற்று. மூன்றாவது பஸ் கண்ணில் படும்போது, செருப்பைக் கையில் பிடித்தபடி ரோட்டில் நடந்து வந்தாள்.